விளக்கெண்ணெயார் புட்டியை மூடிய நாள்

மணவாளக்குறிச்சியில் அந்நாளில் விளக்கெண்ணெயாருக்குத் தப்பிய வயிறு ஒன்றுகூடக் கிடையாது. நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களாக இருந்த காலம். கடலோரத்தில் கருமணல் பிரிக்கும் ஆலையில் அவர் ஸ்டோர் கீப்பர். நான் பக்கத்து மேசைக் குமாஸ்தா.

ஸ்டோரில் ஒரு சாக்கு வாங்கவும் சீட்டு வேண்டும். விளக்கெண்ணெய்க்கு மட்டும் வேண்டாம். தலைவலிக்கும் அதுதான், சுளுக்குக்கும் அதுதான். "எல்லாத்துக்கும் மூலம் வயிறாக்கும் மக்கா" என்பார். ஆலையைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி, பாவம், கொட்டாவி விட்டுவிட்டார். அவருக்கும் ஓர் அவுன்ஸ் போயிற்று. பார்வையிடல் பாதியில் முடிந்தது.

ஒரு மாசி மதியம். கருமணல் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. கடல் தூக்கத்தில் முனகிக்கொண்டிருந்தது. நான் மேசைமேல் சுருண்டு கிடந்தேன். காலையில் தொப்புளைச் சுற்றியிருந்த வலி வலப்பக்கம் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. குமட்டல், காய்ச்சல் வேறு. விளக்கெண்ணெயார் புட்டியோடு வந்தார்.

"அண்ணாச்சி, எண்ணெயத் தாருங்க" என்று நானே கேட்டேன்.

அவர் என் அடிவயிற்றை மெல்ல அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். நான் போட்ட அலறலில் டைப்ரைட்டர் நின்றது.

புட்டியை மூடினார். முகம் வெளுத்திருந்தது.

"இது எனக்க கையில நிக்கிற கேஸ் இல்ல. டாக்டர் பாக்கணும். இப்பமே."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஒரு அவுன்ஸ் குடுத்துப் பாரும் வே. கேக்கலேன்னா நாளைக்குக் கொண்டுபோலாம்."

"குடுத்தா நாளைக்கு ஆளு இருக்கமாட்டான் சார்! லாறிய எடுக்கச் சொல்லுங்க!"

மேனேஜர் முன்னால் உட்காரவே கூசுகிற மனிதர்தான் இப்படிக் கத்தினார்.

லாரியில் மணல் மூட்டைகள்மேல் என்னைக் கிடத்தினார்கள். தென்னந்தலைகள் பின்னால் நீந்திப் போயின. வானம் மட்டும் கூடவே வந்தது. நான் மிதந்தேன்.

"அண்ணாச்சி, ஒரு மடக்கு வெள்ளம்..."

"ஒரு துள்ளி தரமாட்டேன். மிண்டாம கெட."

ஊருக்கெல்லாம் எண்ணெய் ஊற்றியவர் எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. கொஞ்ச தூரம் போனபின், எங்கிருந்தோ அவர் குரல் கேட்டது.

"எனக்க தம்பிக்கும் இந்த எடத்துலதான் நொந்துது. நான் எண்ணெய் குடுத்தேன். மூணாம் நாளு போயிட்டான்."

மிஷன் ஆசுபத்திரியில் உடனே வயிற்றைக் கீறிக் குடல்வாலை எடுத்தார்கள். பேதிக்குக் கொடுத்திருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றாராம் டாக்டர்.

நான் கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில், கட்டில் காலைப் பிடித்தபடி விளக்கெண்ணெயார் உறங்கிக்கொண்டிருந்தார். எனக்கு இருமல் வந்தது. அவர் விழித்துவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டு கிடந்தேன்.