கரடி வேனும் பன்னிரண்டு இஞ்ச் ஊஃபரும்

ஒரு காட்டில், அதுவும் வேன் ஸ்டாண்டு உள்ள காட்டில், சடையன் என்ற கரடி ஆற்றங்கரையிலிருந்து மேட்டுச் சந்தைக்கு வேன் ஓட்டி வந்தது. வேனில் எட்டு சீட். ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் கட்டணம். என்ஜினில் ஒரு குறையும் கிடையாது. பாட்டுதான் இல்லை.

பக்கத்தில் நின்ற நரி தன் வேனில் நான்கு ஸ்பீக்கர் மாட்டியது. அன்றைக்கே சந்தைக்குப் போகிற மிருகங்கள் எல்லாம் அதில் போய் ஏறிக்கொண்டன.

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றது முயல். "உங்க வண்டியில வந்தா எழவு வீட்டுக்குப் போற மாதிரியே இருக்கு."

ஆமை மட்டும் கரடியின் வேனில் ஏறியது. அதுவும் நரியின் வேனுக்குத்தான் கிளம்பியது. போய்ச் சேர முடியவில்லை.

ஸ்டாண்டுத் தலைவரான காட்டெருமை கண்டிப்பான ஆள். "சடையா, அடுத்த சந்தைக்கும் உன் வண்டிக்குக் கூட்டம் சேரலேன்னா, உன் இடத்தை ஓநாய்க்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

கரடி விழுந்தடித்துக்கொண்டு 'தலைகீழ் சவுண்ட்ஸ்' கடைக்கு ஓடியது. கடை முதலாளி வௌவால் கூரையில் தொங்கியபடியே வரவேற்றது.

"வாங்கண்ணே. முதல்ல ட்வீட்டர் பாருங்க. மெல்லிசான சத்தமெல்லாம் இதுலதான் வரும்."

சுவிட்சைப் போட்டது. வௌவாலுக்குக் கண் சொக்கியது. "எப்படி?"

"ஒண்ணும் கேக்கலையே தம்பி."

"பாத்தீங்களா, அவ்வளவு சுத்தம்!"

விவரம் தெரியாதவன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று கரடி தலையை ஆட்டியது. இரண்டு ட்வீட்டர் வாங்கியது.

"அடுத்தது சப்-ஊஃபர். இதைக் காதால கேக்கக் கூடாது. மேல கையை வச்சுப் பாருங்க."

கரடி கையை வைத்தது. தும்! அடிவயிறு அதிர்ந்தது. உடம்பு மயிரெல்லாம் எழுந்து நின்றது. தலையில் பலாப்பழம் விழுந்த நாளுக்குப் பிறகு கரடி எதையும் இத்தனை ஆழமாக உணர்ந்ததில்லை. கையை எடுக்க மனமே வரவில்லை.

"இதைவிடப் பெரிசு இருக்கா?"

"பன்னிரண்டு இஞ்ச் இருக்கு. பெட்டி பெரிசா வரும். உள்ளே காத்து இருந்தாத்தான் சத்தம் இறங்கும்."

பெட்டிக்காகப் பின்சீட்டு மூன்று கழன்றன. ஒரு ஊஃபர் தனியாக இருந்தால் ஏங்கிப் போகும் என்று வௌவால் சொன்னதால், இரண்டாவதற்காக நடுச்சீட்டு மூன்று கழன்றன. ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று போனது. மிச்சம் ஒரு சீட்.

"இத்தனைக்கும் ஒரு பேட்டரி தாங்காதுண்ணே. இன்னும் ரெண்டு வேணும்." வௌவால் பானெட்டைத் திறந்தது. "இங்கே என்னமோ ஒண்ணு இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கே?"

"அது என்ஜின் தம்பி."

"எடுத்துடலாமா?"

"எடுத்தா வண்டி எப்படிடா ஓடும்?"

"அண்ணே, கடைக்குள்ள வந்ததுல இருந்து பாட்டைப் பத்தியே பேசுனீங்க. ஓடுறதைப் பத்தி இப்பத்தான் சொல்றீங்க."

கரடிக்கு அது நியாயமாகவே பட்டது. என்ஜினைக் கடையிலேயே விட்டுவிட்டு, வேனை ஸ்டாண்டு வரை தானே தள்ளிக்கொண்டு போனது.

சந்தை நாள் வந்தது. நரியின் வேன் நிறைந்து வழிந்தது. கரடியின் வேனில் ஒரே சீட், அதில் ஆமை. காட்டெருமை தலைகளை எண்ணிக்கொண்டே நெருங்கி வந்தது. ஓநாய் தன் வண்டியோடு பின்னால் காத்திருந்தது.

"என்ன சடையா, வண்டியை எடுக்கலையா?"

கரடி பாட்டைப் போட்டது.

தும்! தும்! தும்!

மரத்திலிருந்து நெல்லிக்காய் உதிர்ந்தது. முயல் நரியின் வேன் ஜன்னல் வழியாகக் குதித்தது. குரங்கு விசிலடித்துக்கொண்டே ஓடி வந்தது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் வந்தது.

"அண்ணே, உள்ளே இடமே இல்லையே!"

"உள்ளே எதுக்கு?" என்றது கரடி. "பின்னால வந்து வண்டி மேல கையை வச்சுப் பாருங்க."

வைத்தன. தகரம் அதிர்ந்தது, கை அதிர்ந்தது, அடிவயிறு அதிர்ந்தது. ஒன்றாலும் கையை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு 'தும்'முக்கும் கால் ஓர் அடி முன்னால் போனது. வேன் நகர்ந்தது!

"எத்தனை பேருடா இருக்கீங்க?" என்று எண்ண வந்த காட்டெருமையும் கையை வைத்துவிட்டது.

"எண்ணுறதை விடுங்க தலைவரே, மேடு வருது, தள்ளுங்க!" என்று கத்தியது குரங்கு.

காலி வேனை வழியில் நிறுத்திவிட்டு நரி ஓடி வந்தது. "முயலே, கொஞ்சம் ஒதுங்கேன். எனக்கும் ஒரு கை வைக்க இடம் கொடு."

மேட்டுச் சந்தையில் எல்லாம் மூச்சிரைக்க, முகம் மலர, வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் கொடுத்தன. நரியும் கொடுத்தது. ஆமை மட்டும் சீட்டை விட்டு இறங்காமல் சண்டை பிடித்தது.

"எல்லாரையும் தள்ள விட்டே. என்னை மட்டும் சும்மா உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்துட்டே. பாதி நெல்லிக்காயைத் திருப்பிக் கொடு!"

"அடுத்த சந்தைக்குக் கொஞ்சம் வெள்ளனமா கிளம்பி வாங்கண்ணே," என்றது கரடி. "முன்வரிசையிலேயே தள்ள விடறேன்."

நீதி: பாட்டு மட்டும் பலமாக இருக்கட்டும், தள்ளுகிறவர்களே டிக்கெட்டும் எடுப்பார்கள். உட்கார்ந்து வருகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.