இரண்டு தட்டு, அப்புறம் ஒன்று

முயல் திரும்பி வந்துவிட்டது.

டெல்மர் அதைக் கையில் ஏந்தியபடி அசையாமல் நின்றார். அனுப்பியது அவர்தான். ஆனால் திருப்பி அனுப்ப மறுமுனையில் ஆள் கிடையாது.

உயிருள்ள முயல் இல்லை. அலுமினியத்தில் கடைந்த முழங்கை நீள உருளை. எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் அதை வைத்துக் காற்று இயந்திரத்தால் ஊத வேண்டும். எங்கும் இடிக்காமல் அந்தப் பக்கம் வந்து விழுந்தால் குழாய் நல்ல குழாய். மேலே வெள்ளை வளையம் பூசலாம். நடுவில் சிக்கினால் சிவப்பு. எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் எதற்கும் பிராணிப் பெயர்தான் வைப்பார்கள். குட்டையான குழாய்க்கு நாய்க்குட்டி என்று பெயர். அடுத்த குழாய் காத்து நிற்கும் குழி எலிப்பொந்து. ஆட்கள் வெயிலுக்கு ஒதுங்கும் தகரக் கொட்டகை நாய்வீடு. கிணற்றுக்குள் தவறி விழுந்தது எதுவானாலும், திருகாணியானாலும் தொப்பியானாலும், அது மீன். "எல்லாத்துக்கும் பேரு வச்சானுங்க, செத்தவனுக்கு மட்டும் ஒண்ணும் வைக்கல" என்று கூட வேலை பார்த்த ஹார்லன் சொல்வான்.

ஹார்லன் பிப்ரவரியில் செத்துப்போனான்.

முயல் ஊதுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் இந்த முனையில் ஊதுவார். மற்றவர் அந்த முனையில் பிடித்து, அடுத்த குழாய் வழியாகத் திருப்பி ஊதுவார். பிடித்ததும் இரும்பில் இரண்டு தட்டு. ‘வந்துவிட்டது, கையை எடுத்துவிட்டேன்’ என்று அர்த்தம். அந்தத் தட்டுக் கேட்காமல் அடுத்ததை ஊதக் கூடாது. அப்படி அவசரப்பட்டவர்களால் விரல் இழந்தவர்கள் இந்த ஒடெசா ஊரில் இன்றும் இடது கையால்தான் பியர் குடிக்கிறார்கள். ஒற்றைத் தட்டு என்றால், ‘இந்தக் குழாய் ஆகாது.’ ஊர் முழுக்க இதுதான் வழக்கம். ஹார்லன் மட்டும் இரண்டு தட்டி, தொண்டையைச் செருமும் நேரம் விட்டு, இன்னொன்று தட்டுவான்.

"அது எதுக்குடா?" என்று டெல்மர் ஒருநாள் கேட்டார்.

"ரெண்டு உனக்கு. ஒண்ணு எனக்கு."

இன்று காலையில்தான், குழாய்களை அடுக்கிவைக்கும் இந்த யார்டின் முதலாளி லுவானோடு சண்டை.

"டெல்மர், ஒத்த ஆளா இந்த வேலையச் செய்ய முடியாது. புது ஆள் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"எனக்கு யாரும் வேண்டாம். நானே ஊதி, நானே ஓடிப் போய் எடுத்துக்குவேன்."

"உங்க முழங்காலுக்கு அது தெரியுமா?"

"என் முழங்கால் பத்தி நீ கவலப்படாத தாயே."

லுவான் இடுப்பில் கை வைத்து அவரையே பார்த்தாள். "சரி. சாயங்காலம் லாரி வருது. அதுக்குள்ள இந்த அடுக்கு முடியணும். முடியலன்னா நாளையிலேருந்து நீங்க கேட்டுல உக்காந்து லாரிக்குச் சலாம் போடுங்க, ஊதறத வேற ஆளுங்க பாத்துக்குவாங்க. ஒரே ஒரு கெட்ட குழாய்க்கு வெள்ள அடிச்சு அனுப்பினாலும் அதேதான்."

டெல்மர் வாக்கி டாக்கியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இனி அவள் கத்தினாலும் கேட்காது. கேட்டில் உட்காருவதைவிட ஹார்லன் பக்கத்திலேயே ஒரு குழி வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

அப்புறம்தான் புழுதி கிளம்பியது. மேற்கிலிருந்து செங்கல் நிறத்தில் ஒரு திரை நகர்ந்து வந்து யார்டை மூடிக்கொண்டது. சூரியன் பழைய நாணயம்போல மங்கியது. கை எட்டும் தூரத்தில் இருப்பதே கலங்கித் தெரிந்தது. குழாயின் மறுமுனை என்று ஒன்று உலகத்தில் இருந்ததற்கே அடையாளமில்லை. மூடி கழற்றிய குழாய்களுக்குள் காற்று நுழைந்து, ஆளில்லாத சர்ச்சில் யாரோ முனகுவதுபோல் பாடத் தொடங்கியது.

முதல் குழாயை ஊதினார். ஓடிப் போய் எடுக்க ஒரு காலைத் தூக்கினார்.

டக், டக்.

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

டக்.

பக்கத்துக் குழாயிலிருந்து சரசரவென்று முயல் வந்து அவர் காலடியில் விழுந்தது.

"யாரு?" என்றார் டெல்மர்.

காற்று மட்டும் முனகியது. குழாயில் தட்டினால் எந்த முனையில் தட்டினார்கள் என்று காது சொல்லாது. இரும்பு முழுக்க ஒரே நேரத்தில் அதிரும். ஆனால் பிடிப்பவர்தானே தட்டுவார். பிடிப்பவர் அந்தப் பக்கம்தானே இருப்பார். உயரமாக, மஞ்சள் ஹெல்மெட்டைக் கோணலாக வைத்துக்கொண்டு. அந்த ஹெல்மெட்டையும் அவன் மனைவி பெட்டிக்குள் வைத்துத்தான் புதைத்தாள்.

ஊதுவதற்கு முன் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. டெல்மர் அன்று பார்க்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கண் பார்த்தால் என்ன செய்வது?

பார்க்காமலே ஊதினார்.

டக், டக். டக்.

முயல் திரும்பி வந்தது.

ஓட வேண்டும் என்று கால் சொன்னது. ஆனால் வாசல் கேட்டும் லாரிச் சலாமும் நினைவுக்கு வந்தன. இன்னொரு விஷயமும் நெஞ்சில் உறுத்தியது: வேலை படுவேகமாக நடந்துகொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோது ஹார்லன் இப்படி உழைத்ததே இல்லை.

வரிசையில் பாதி முடியும்போது தைரியம் ஒழுகித் தீர்ந்தது. குழாய் வாயில் உதட்டை வைத்துப் பேசினார்.

"டேய் ஹார்லன். நீ செத்துட்ட. யாரும் சொல்லலையா? நானே வந்து மண்ணு போட்டேன். பேசாம போயிரு."

குழாய் நீளமாக ஊளையிட்டது. பிறகு, இதுவரை இல்லாத எரிச்சலோடு: டக், டக். டக்.

"சரி சரி, போக வேண்டாம். கோவிச்சுக்காத."

விரட்ட முடியாதவனைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்தார். ஹார்லனுக்கு உயிர், காரம் தூக்கலாகப் போட்ட மாட்டு உப்புக்கண்டம். சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, துணியில் சுற்றி, முயலுக்கு முன்னால் வைத்து மெல்ல ஊதினார்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பக்கத்துக் குழாய் வழியாக முயல் வந்தது. அதற்கு முன்னால் துணி வந்தது. துணிக்குள் காலி பாக்கெட்.

டெல்மர் அதைத் தலைகீழாக உதறினார். ஒரு தூள்கூட மிச்சமில்லை.

"அங்கயும் பட்டினியாத்தான் போடறானுங்களா" என்று முணுமுணுத்தார்.

அதற்கடுத்த முறை முயலோடு வேறொன்று வந்தது. வெள்ளித் தாளில் சுற்றிய இரண்டு பொட்டலங்கள். பிரித்தார். பீன்ஸும் பன்றிக் கறியும் வைத்துச் சுருட்டிய ரொட்டி. இன்னும் சூடு ஆறவில்லை.

ஹார்லன் யாருக்கும் தன் சாப்பாட்டில் ஒரு வாய் தந்ததாகச் சரித்திரம் கிடையாது. மகள் கல்யாணத்திலேயே கேக் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு தின்றவன். செத்ததும் திருந்திவிட்டானா? இல்லை, இது ஹார்லனே இல்லையா? இரண்டில் எது மோசம் என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுத்தால் கோபித்துக்கொள்வானோ என்று பயந்து ஒன்றைத் தின்றார். நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்றைப் பக்கத்தில் குழாய் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். சற்று நேரம் கழித்துத் திரும்பியபோது வெள்ளித் தாள் மட்டும் இருந்தது, ஒழுங்காக நாலாக மடிக்கப்பட்டு.

காற்று, என்று சொல்லிக்கொண்டார். காற்று தாள் மடிக்குமா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசி வரிசைக்கு வந்துவிட்டார். போதும். இன்னும் கொஞ்சம்தானே மிச்சம். எல்லாம் புதுக் குழாய், ஒன்றும் இருக்காது. ஊதாமலே வெள்ளை அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளலாம். முயலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். வர்ணப் பிரஷை எடுத்தார். முதல் குழாய்க்கு வெள்ளை வளையம் போட்டார்.

டக்.

ஒற்றைத் தட்டு.

டெல்மர் காத்திருந்தார். அடுத்த தட்டு வரவில்லை.

"என்னடா?"

டக்.

இம்முறை பலமாக. கையிலிருந்த பிரஷ் வரைக்கும் அதிர்வு ஏறியது.

"புதுக் குழாய்டா இது. ஊதவே இல்ல, உனக்கு எப்படித் தெரியும்?"

டக். வர்ண டப்பா துள்ளிக் கீழே விழுந்தது.

"சரி. ஊதறேன். ஊதித் தொலைக்கிறேன்."

பைக்குள்ளிருந்து முயலை எடுத்து வைத்து ஊதினார். பாதி வழியில் ‘ணங்’ என்று ஒரு சத்தம். முயல் நின்றுவிட்டது. வெளியே பார்த்தால் பளபளப்பான, பழுதே தெரியாத குழாய். உள்ளே எங்கோ நசுங்கியிருக்கிறது. கிணற்றுக்குள் போயிருந்தால் பின்னால் இறக்கும் கருவி அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். இறக்கிய குழாய் அத்தனையும் வெளியே இழுக்க வேண்டும். யார் போட்ட வெள்ளை என்று தேடிக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து காற்று சீறியது. முயல் பின்வாங்கி அவர் கையில் வந்து விழுந்தது.

டெல்மர் வெள்ளையைத் துடைத்துவிட்டுச் சிவப்பு அடித்தார். மூக்கு ஒழுகியது, புழுதிதான். "நன்றிடா" என்றார் குழாயிடம். மீதி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஊதினார். ஒவ்வொன்றுக்கும் டக், டக், டக்.

கடைசிக் குழாய் முடிந்தபோது காற்று நின்றது. புழுதி மெல்லப் படிந்தது. முதலில் வேலி தெரிந்தது, அப்புறம் நாய்வீடு, அப்புறம் மறுமுனை. அங்கே ஓர் உருவம் நின்றது.

டெல்மர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், முடிஞ்சுதா?" என்றது உருவம்.

பெண் குரல். கண்ணைத் திறந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி, முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். குட்டையானவள். தலையில் வெள்ளை ஹெல்மெட்.

"நீங்க யாரு?"

"மரிசெலா. இன்னிக்குத்தான் சேர்ந்தேன். முன்ன பள்ளிக்கூடத்துல சமையல் பண்ணிக்கிட்டிருந்தேன். அந்த உப்புக்கண்டம் அருமை சார். ஆனா காரத்துல கண்ணுல தண்ணி வந்துருச்சு."

லாரி வருவதற்கு முன்பே தன் வண்டியில் வந்து இறங்கிய லுவான், அடுக்கைப் பார்த்தாள், டெல்மரின் முகத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான்தான் அனுப்பினேன். ‘அவரு முசுடு, கண்ணுல பட்டா விரட்டிருவாரு, முடியிற வரைக்கும் மூஞ்சியக் காட்டாத, வர்றதப் பிடிச்சு அடுத்ததுல ஊது, ஊதறதுக்கு முன்ன உள்ள பாரு’ன்னு சொல்லி விட்டேன். உங்களுக்குச் சொல்லலாம்னு கூப்பிட்டா வாக்கி டாக்கிய அணைச்சு வச்சிருக்கீங்க. பயந்துட்டீங்களா?"

"நானா? பயமா?" டெல்மர் தரையில் உட்கார்ந்துகொண்டார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார்; வயிறு வலிக்கும்வரை, கண்ணீர் புழுதியில் கோடு போடும்வரை. "ஹார்லன்னு நெனச்சு இந்தம்மாவ இவ்வளவு நேரமா டேய் போட்டுக்கிட்டிருந்தேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார். காத்து ஊளையிட்டுச்சு."

"லுவான், நாளையிலேருந்து மரிசெலா என்னோடதான். வேற யாருக்கும் குடுக்காத. அந்தக் கெட்ட குழாய, நான் ஊதறதுக்கு முன்னயே கண்டுபிடிச்சாங்க பாரு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுகூடப் பரவாயில்ல. ஹார்லன் தட்டற மாதிரியே அச்சு அசலாத் தட்டினாங்களே. நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"நான் எங்க சொல்லிக் குடுத்தேன்?" என்றாள் லுவான். "அவன் எப்படித் தட்டுவான்னு எனக்கே தெரியாதே. தட்டணும்னு சொல்லவே மறந்துட்டேன்."

இருவரும் மரிசெலாவைப் பார்த்தார்கள். அவள் டெல்மருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் தட்டவே இல்லையே சார், குழாய்க்குள்ள பாக்கறப்பல்லாம் உங்க தோளுக்குப் பின்னாடி நின்னாரே ஒரு நெட்டையானவரு, மஞ்ச ஹெல்மெட்ட கோணலா வச்சுக்கிட்டு, அவருதானே தட்டினாரு, அவருக்குன்னுதானே ரெண்டாவது பொட்டலமே அனுப்பினேன்."