உம்மா கிளச்சை அமத்தட்டாம்

வாகனம் ஓடப் பழகுகிறவர்கள் எல்லோரும் அதைப் போகவைக்கத்தான் பழகுகிறார்கள். நிற்பாட்டுவதை யாரும் ஒரு படிப்பாகவே எடுப்பதில்லை. பிறேக் என்று ஒன்று இருக்கிறது, அமத்தினால் நிற்கும், இதில் பழக என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நினைப்போடு ஒருநாள் நிந்தவூரிலிருந்து சாகாமம் வரைக்கும் காரில் போனேன். (நீங்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.)

எனக்குச் சொந்த ஊர் மருதமுனை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நானும் ஒரு பெட்டியோடும் கட்டாரில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியோடும் நிந்தவூருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீடு என் மனைவி பஸ்லியாவுடையது. அடுப்பும் குசினியும் மாமியுடையவை. வாசலில் நின்ற பழைய வெள்ளைக் கார் மாமாவுடையது. என்னுடையது என்று அங்கே இருந்தது என் மரியாதை மட்டும்தான். அதை முட்டை கொண்டுபோகிற மாதிரிக் காவிக்கொண்டு திரிந்தேன்.

மாமி பழைய ஒழுங்குக்காரி. மருமகனோடு நேரே கதைக்க மாட்டா. கோபமில்லை, அதுதான் அவவுடைய மரியாதை. நான் சாப்பிட உட்கார்ந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, "மகள், அவருக்கு ஆணம் போதுமா எண்டு கேளு" என்பா. ஆணம் என்றால் குழம்பு. எனக்கு நன்றாகக் கேட்கும். ஆனாலும் பஸ்லியா என் பக்கம் திரும்பி, "ஆணம் போதுமாம்?" என்பாள். நான் அவளிடம், "போதும் எண்டு சொல்லு" என்பேன். அவள் கதவைப் பார்த்து, "போதுமாம்" என்பாள். மூன்று பேருக்கும் நடுவில் ஒரு பழைய கதவுதான் இருக்கும்.

இதில் ஒரு கரைச்சல் என்னவென்றால், பஸ்லியாவுக்கு எதையும் நீட்டிச் சொல்லப் பிடிக்காது. "வெயிலுக்குள்ள போறாரு, தொப்பியப் போட்டுக்கிட்டுப் போகட்டும், தண்ணிப் போத்தலையும் மறக்காம எடுத்துக்கட்டும்" என்று மாமி சொன்னால், என்னிடம் வந்து சேருவது "தொப்பியாம்."

அன்று மாமாவின் வயலில் அறுவடை. அவர் விடியவே உழவு மெசினில் சாகாமத்துக்குப் போய்விட்டார். பத்து மணிபோல எனக்குப் போன் வந்தது.

"மருமகன், வெட்டு மெசின் வந்திட்டு. இஞ்ச ஆக்களுக்குப் பகல் சாப்பாடு வேணும். மாமியையும் புள்ளையையும் ஏத்திக்கிட்டு சோத்தைக் கொண்டு வாங்களன். கார் ஓடுவீங்கதானே?"

"ஓம் மாமா. கட்டார்ல மூணு வருஷம் ஓடினனே."

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் கட்டாரில் நான் ஓடியதெல்லாம் ஓட்டோ கியர். அதில் இடது காலுக்கு வேலையே இல்லை. மூன்று வருஷமும் அது சும்மா என் கூட வந்தது. மாமாவின் காரோ கிளச் அமத்தி, கியர் மாற்றி ஓடுகிற சாதி. "தெரியாது மாமா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வீட்டில் எனக்கு மிச்சம் என்ன இருக்கும்?

போனையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். கியர்க் கார் ஓடுவது எப்படி என்று ஒருவர் வீடியோவில் பொறுமையாகச் சொல்லித் தந்தார். கிளச்சை அமத்தி முதல் கியரைப் போட்டு, மெல்ல மெல்லக் காலைத் தளர்த்த வேண்டுமாம். அடுத்த பகுதியில் வேகத்தைக் குறைத்து நிற்பாட்டுவது எப்படி என்று பார்ப்போம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டுப்பட்டது.

"சோறு ஆறுதாம்" என்றாள் பஸ்லியா.

வீடியோவை மூடினேன். நிற்பாட்டுவதற்கு என்ன படிப்பு?

மாமி பின் சீட்டில் ஏறி, சோற்றுச் சட்டியைப் பக்கத்திலும் கோழி ஆணச் சட்டியை மடியிலும் வைத்துக்கொண்டா. பஸ்லியா முன்னால் இருந்தாள். நான் கட்டார்ப் பழக்கத்தில் பெல்ட்டை இடப்பக்கம் தேடிவிட்டு, பிஸ்மி சொல்லிக் காரை எடுத்தேன். இரண்டு தடவை செத்து, மூன்றாம் தடவை நகர்ந்தது. "பழைய வாகனம்" என்று காரைக் குறை சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

பெரிய றோட்டில் மூன்றாம் கியர் வரைக்கும் போட்டதும் எனக்கு உசார் வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டினேன். அப்போது முன்னால் போன பஸ் ஆள் இறக்க நின்றது. நானும் பிறேக்கை அமத்தினேன். கார் வலிப்பு வந்த ஆள்போல உதறி, ஒரு குலுக்குக் குலுக்கிச் செத்தது. பின்னால் ஆணச் சட்டியின் மூடி எழும்பி விழுந்த சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் ஒரு ஓட்டோக்காரர் ஹோனில் கையை வைத்தபடியே இருந்தார்.

அக்கரைப்பற்று வருவதற்குள் இப்படி எத்தனை தடவை செத்தது என்று நான் எண்ணவில்லை. சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது. இடது முழங்கால் தன் பாட்டில் நடுங்கியது. அதைப் பஸ்லியா பார்த்துவிடக் கூடாது என்று கையால் அமத்தினால், கியர் மாற்றக் கையில்லை. சந்தியில் வந்து நடு றோட்டில் செத்தபோது நாலு பக்கமும் ஹோன். அந்தச் சத்தத்துக்குள் மாமி முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு, மகளுடைய காதில் என்னவோ நீளமாகச் சொன்னா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகுதான் தெரியவந்தது, மாமி முழுப் பாடத்தையும் சொல்லியிருக்கிறா. முதலில் எக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கட்டும். பிறேக்கை அமத்தி வேகத்தைக் குறைக்கட்டும். நிற்கப்போகிற நேரம் கிளச்சையும் சேர்த்து அமத்தட்டும். நின்ற பிறகு நியூட்ரல். மாமி ஒருநாளும் கார் ஓடியவ இல்லை. மாமாவுக்கு ஓடும்போது செய்கிறதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்கிற பழக்கம். பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு மாமிக்கு மனப்பாடம்.

பஸ்லியா என் பக்கம் திரும்பி அத்தனையையும் சொன்னாள்.

"உம்மா கிளச்சை அமத்தட்டாம்."

"எனக்குத் தெரியும் எண்டு சொல்லு" என்றேன். ஆனால் அந்த ஒரு சொல்லை உள்ளுக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நிற்பாட்ட வேண்டுமா, கிளச்சை அமத்து. இவ்வளவுதான் இரகசியம்.

சாகாமத்துப் பக்கம் திரும்பிய பிறகு றோட்டு வெறிச்சென்று இருந்தது. இரண்டு பக்கமும் வயல். நிற்க வேண்டிய தேவையே இல்லாததால் நான் நல்ல சாரதியாகிவிட்டேன். தூரத்தில் குளக்கட்டு தெரிந்தது. "வந்திட்டம்" என்று சொல்லவும் செய்தேன்.

குளக்கட்டுக்கு முன்னால் பாதி றோட்டுக்குப் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தது. சாரனை மடித்துக் கட்டிய ஒருவர் தலையில் துவாயோடு, முதுகைக் காட்டிக்கொண்டு நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். மிச்சப் பாதியில் பெட்டி பூட்டிய உழவு மெசின் ஒன்று எதிரே வந்துகொண்டிருந்தது. போக வழியில்லை. நிற்க வேண்டும்.

இடது காலால் கிளச்சை அடிமட்டம் வரை அமத்தினேன்.

கார் நிற்கவில்லை. பயத்தில் மரக்கட்டையாகிப் போன வலது கால் எக்சிலேட்டரிலேயே இருந்தது. எஞ்சின் அலறியது, கார் ஓடியது. இன்னும் அமத்தினேன். இன்னும் அலறியது.

"பிறேக் இல்ல!" என்று கத்தினேன். அது என் குரல்போலவே இல்லை.

நெல் கிளறியவர் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த பலகையை எறிந்துவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தார். மெசினுக்கு விலகி நெல்லின் மேல் ஏறியதும் கார் சறுக்கிக்கொண்டு போனது, ஸ்டீயரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. பஸ்லியா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கலிமா சொல்லத் தொடங்கினாள். றோட்டு குளக்கட்டில் ஏறியபோது வேகம் கொஞ்சம் தளர்ந்தது; அல்ஹம்துலில்லாஹ், நிற்கப்போகிறது என்று நினைத்தேன். நிற்கவில்லை. றோட்டு இடப்பக்கம் திரும்ப, கார் நேரே போய், மெசின் கழுவுவதற்காகக் குளத்துக்குள் இறக்கியிருந்த சரிவில் இறங்கத் தொடங்கியது.

முன் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். எனக்கு நீந்தத் தெரியாது. பஸ்லியாவுக்கும் தெரியாது. கல்யாணம் முடித்த மாதத்திலேயே ஒரு பெண்ணையும் அவளுடைய உம்மாவையும் குளத்துக்குள் கொண்டுபோய் மூழ்கடிக்கப் போகிறேன் என்று நினைத்தேன். அப்படியொரு பயத்தை அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை.

"மகள்! வலது காலை எடுத்துப் பிறேக்கை அமத்தச் சொல்லு!" என்று மாமி கத்தினா.

பஸ்லியா கலிமாவில் இருந்தாள்.

"மகள்! சொல்லு மகள்!"

பஸ்லியா கண்ணைத் திறக்கவில்லை. தண்ணீர் கிட்ட வந்துவிட்டது. அப்போது என் பிடரிக்குப் பின்னால் ஒரு இடி விழுந்தது.

"டேய்! வலது காலை எடுத்துப் பிறேக்கை அமத்துடா!"

எனக்கு விளங்குவதற்கு முன்னால் காலுக்கு விளங்கிவிட்டது. கார் முன்பக்கம் குனிந்து, வழுக்கி, நின்றது. முன் டயர் இரண்டும் தண்ணீருக்குள். எஞ்சின் சாகவில்லை. இடது கால் கிளச்சிலேயே இருந்ததால், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கியர்க் காரைச் சரியாக நிற்பாட்டியிருக்கிறேன்.

எருமைகள் சில தலையை மட்டும் தண்ணீருக்கு மேல் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தன. பிறகு பின்னாலிருந்து, கதவுக்குப் பின்னால் கேட்கிற அதே மெல்லிய குரல் வந்தது.

"மகள், அவரை நியூட்ரலுக்குப் போட்டு, ஹேண்ட் பிறேக்கை இழுத்து விடச் சொல்லு."

பஸ்லியா முகத்திலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தாள்.

"ஹேண்ட் பிறேக்காம்."

இழுத்தேன். இழுத்துவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அழுதேன் என்று பஸ்லியா சொல்லித் திரிகிறாள். வியர்வை என்று நான் சொல்கிறேன்.

வாய்க்காலுக்குள் பாய்ந்த மனிதர் சேறும் சாரனுமாக ஓடி வந்து என் பக்கக் கண்ணாடியில் தட்டினார். முகத்துச் சேற்றைத் துவாயால் துடைத்ததும் பார்த்தால், மாமா. நெல்லும் அவருடைய நெல்தான்.

"மருமகன், பிறேக் இல்லையா?"

ஓம் என்றால் அவருடைய காரைக் குறை சொன்னதாகும். இல்லை என்றால் என் மரியாதை அந்தக் குளத்தோடு சரி. அதற்குள் மாமி பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினா. இடுப்புக்குக் கீழே முழுக்கக் கோழி ஆணம்.

"பிறேக் நல்லாத்தான் இரிக்கி" என்றா மாமாவைப் பார்த்து. "ஆக்கள் போற வாற றோட்டுல நெல்லக் காயப்போட்டா, ஓடுற மனிசன் என்ன செய்யிற? உங்களுக்கு ஒரு விளக்கம் வேணாமா?"

மாமா காரைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் அவர்தான் மன்னிப்புக் கேட்டார். அன்று ஆட்கள் வெறும் சோற்றுக்குத் தேங்காய்ச் சம்பல் அரைத்துச் சாப்பிட்டார்கள். திரும்பும்போது காரை மாமா ஓடினார், "பிறேக்... கிளச்... நியூட்ரல்" என்று சொல்லிக்கொண்டே. நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து முதல் தடவையாக ஒழுங்காகப் பாடம் கேட்டேன்.

அந்த நெல்லைக் குத்திய அரிசியில் கல்லுக் கடிபட்டபோதெல்லாம், "இது மருமகன் குத்தின அரிசி" என்று மாமா ரசித்துச் சொன்னார். அரிசி முடிந்துவிட்டது, பகிடி முடியவில்லை. எந்த அரிசியில் கல் வந்தாலும் இன்றைக்கும் குத்தியவன் நான்தான்.

மாமி அதற்குப் பிறகும் என்னோடு நேரே கதைத்ததில்லை. எங்கள் மகளுக்கு எட்டு வயதானதும் தூதுப் பதவி அவளுக்கு வந்துவிட்டது. நான் ஓட்டோ கியர்க் கார் ஒன்று வாங்கிவிட்டேன். அதில் கிளச்சே கிடையாது. ஆனாலும் நிற்க வேண்டிய இடம் வந்தால் என் இடது கால் தானாகப் போய்த் தரையை அமத்துகிறது.

போன நோன்பில் ஒருநாள் மகளை முன்னாலும் மாமியைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போனேன். அதே சந்தியில் முன்னால் ஒரு பஸ் நின்றது.

"மகள், வாப்பாவைப் பிறேக்கை அமத்தச் சொல்லு" என்றா மாமி.

மகள் என்னிடம் திரும்பவில்லை. "நீங்களே சொல்லுங்களன் உம்மம்மா" என்றாள். "அண்டைக்குக் குளத்தடியில சொன்ன மாதிரி."

காரை அலுங்காமல் நிற்பாட்டிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். மாமி முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தா. பஸ் போய்விட்டது. பின்னால் ஹோன் அடித்தார்கள். மாமி சிரித்து முடியட்டும் என்று நான் பிறேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.