வெள்ளி டேப் ஒட்டிய கோட்டு

லிவியோ கம்பெனிப் பேருந்தில் ஏறியதும் உள்ளே பேச்சு சட்டென்று நின்றது.

டைரக்டர் போகோமிர் காப்பிக் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பின் இருக்கைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லோருடைய கண்ணும் லிவியோவின் கோட்டின் மேல்தான்.

ஒரு காலத்தில் அது சிவப்பாக இருந்திருக்க வேண்டும். வெயிலும் பனியும் தின்று, இப்போது வெந்த இறால் நிறத்துக்கு வந்திருந்தது. தோளிலிருந்து முழங்கை வரை ஒரு நீளக் கிழிசல். அதன் மேல் வெள்ளி நிற டேப். கையுறையின் விரல்களிலும் டேப். காற்சட்டையின் கணுக்கால் பக்கம் சறுக்குக் கட்டையின் விளிம்பு வெட்டி வெட்டி நார் நாராகத் தொங்கியது.

'சிரிக்கப் போகிறார்கள்' என்று நினைத்தான் லிவியோ. யாரும் சிரிக்கவில்லை.

"யோவ் லிவியோ," என்றான் பக்கத்துப் பிரிவு க்ளெமென், மாதா கோயிலுக்குள் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தி. "இவ்வளவு நாளா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"எதை?"

"பாருங்க சார், எதைன்னு கேக்கறான்!"

டைரக்டர் நகர்ந்து உட்கார்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். பூட்டுத் தொழிற்சாலையில் அந்த இடம் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

லிவியோ பிரான் என்ற கடலோர ஊரில் பிறந்தவன். அங்கே பனி என்பது மீன்பெட்டிக்குள் இருப்பது. கல்யாணம் செய்துகொண்டு மனைவி நேவாவின் மலை ஊருக்கு வந்தவனுக்குப் பூட்டுத் தொழிற்சாலையில் தற்காலிக வேலை கிடைத்தது. நேர்முகத்தில் டைரக்டர் கேட்ட கடைசிக் கேள்வி, "ஸ்கீயிங் வரும்ல?" லிவியோ சற்றும் யோசிக்காமல், "அது வராம இருக்குமா சார்?" என்று சொல்லிவிட்டான். மலைக்காரர்களிடம் வராது என்று சொல்வது, நடக்க வராது என்று சொல்வதுபோல.

வருகிற திங்கட்கிழமை வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குள் இந்தச் சனிக்கிழமை வந்து நின்றது. பூட்டுத் தொழிற்சாலைக்கும் தாழ்ப்பாள் தொழிற்சாலைக்கும் க்ராஞ்ஸ்கா கோரா மலைச்சரிவில் வருடாந்தரக் குளிர்கால விளையாட்டு; கம்பெனிக்கு ஒருவர் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து சறுக்கி இறங்குவதுதான் அதில் பெரிய போட்டி. மூலையில் உட்கார்ந்து சாசேஜில் கடுகு தடவித் தின்றுவிட்டு வீடு திரும்புவது என்பதுதான் லிவியோவின் திட்டம். யார் கண்ணிலும் படாமலிருக்கத்தான் வீட்டு நிலவறையில் தொங்கிய பழைய கோட்டையும் காற்சட்டையையும் எடுத்து மாட்டிக்கொண்டு வந்தான்.

"எந்த மலையில கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் டைரக்டர்.

பொய்யை இப்போதே இறக்கி வைத்துவிடலாம் என்று லிவியோவுக்குத் தோன்றியது. "சார், உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு ஸ்கீ அவ்வளவா வராது."

பேருந்தே குலுங்கச் சிரித்தது.

"கேட்டீங்களா?" என்றார் டைரக்டர் எல்லோரையும் பார்த்து. "தெரிஞ்சவன் பேச்சு இப்படித்தான் இருக்கும். எனக்கு நல்லா வரும்னு சொல்றவன் எவனும் கீழே வந்து சேர்ந்ததில்லை."

அவர் கோட்டும் வெளுத்துத்தான் இருந்தது. க்ளெமெனின் முழங்கையிலும் ஒரு துண்டு டேப் இருந்தது. ஆனால் லிவியோவின் டேப்புக்கு முன்னால் அதெல்லாம் சின்னப் பிளாஸ்திரி.

"ஆ!" என்று க்ளெமென் திடீரென்று முழங்காலைப் பிடித்தான்.

"என்னய்யா?"

"பழைய வலி சார். இந்த வருஷம் நான் இறங்க முடியும்னு தோணல. அதான் லிவியோ இருக்கானே!"

"அதான் இருக்காரே!" என்று பேருந்து முழுவதும் எதிரொலித்தது.

வெற்றிக் கோப்பை, எல்லோருக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து தாழ்ப்பாள்காரர்களிடம்தான் இருக்கிறது. ஒரு வருஷம் பனிமூட்டம் கெடுத்தது. ஒரு வருஷம் கட்டைக்குப் பூசிய மெழுகு சரியில்லை. போன வருஷம் க்ளெமெனுக்கு வயிறு சரியில்லை. இந்த வருஷம் பூட்டின் மானம் ஒரு கடல்காரனின் கையில்.

பேருந்து நின்றதும் லிவியோ கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு நேவாவுக்குப் போன் போட்டான்.

"நேவா, இந்தக் கோட்டுல என்ன இருக்கு? என்னை ராஜா மாதிரி பாக்கறாங்க."

"எந்தக் கோட்டு?"

"கீழே தொங்கிச்சே, டேப் ஒட்டினது."

நேவா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனிலேயே கேட்டது.

"எங்கண்ணன் கோட்டையா மாட்டிக்கிட்டுப் போன? அட மக்கு! இந்த ஊர்ல பளபளன்னு போட்டவன் கத்துக்குட்டி. கிழிஞ்சதைப் போட்டவன்தான் கில்லாடி. வருஷக்கணக்கா மலையிலயே கிடந்தாத்தான் ஒரு கோட்டு அந்தக் கதிக்கு வரும். அதைப் பாத்தா உன்னை மேல ஏத்தாம விடுவாங்களா?"

"ஏத்திட்டாங்க. நான்தான் போட்டியில இறங்கறேன்."

"ஐயோ! கால் கை முறிஞ்சா நான் என்ன பண்ணுவேன்?"

"அதுக்கு முன்னாடி வேலை போயிடும். வழி சொல்லு."

"வாடகைக் கடைக்குப் போ. இருக்கறதுலயே புதுசா, கண்ணைக் குத்தற மாதிரி ஒரு கோட்டு எடுத்துப் போட்டுக்க. பாத்த உடனே போட்டியிலேர்ந்து பேரை அடிச்சிடுவாங்க."

சரிவின் அடிவாரத்தில் கடை. பெப்சா என்ற பெரிய உடம்புக்காரப் பெண்மணி கல்லாவுக்குப் பின்னால் சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கட்டை, பூட்ஸ் எல்லாம் வேணும். அப்புறம் கோட்டு. உங்ககிட்ட இருக்கறதுலயே புதுசு."

பெப்சா அவன் தோளிலிருந்த டேப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "புதுசா? உங்களுக்கா?"

"பளபளன்னு."

கிளிப்பச்சையில் தங்கக் கோடு போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு லிவியோ வெளியே வந்தபோது எதிரே வந்த ஒரு குழந்தை அழுதது.

டைரக்டர் அவனைப் பார்த்தார். வாயைப் பிளந்தார். லிவியோவின் மனசில் நிம்மதி பரவியது.

"பிரமாதம்!" என்று கத்தினார் டைரக்டர். "வேஷம்! எதிரிக்குக் கத்துக்குட்டி வேஷம் காட்டறீங்க! இது எனக்குத் தோணாமப் போச்சே! இருங்க, வரேன்."

தாழ்ப்பாள் கம்பெனி டைரக்டர் நின்ற இடத்துக்கு அவர் ஓடினார். அவரிடம் லிவியோவைச் சுட்டிக்காட்டினார். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது இங்கிருந்தே தெரிந்தது. இருவரும் கைகுலுக்கினார்கள். போகோமிர் கைகளைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"பந்தயம் கட்டிட்டேன்! தோத்த கம்பெனி வாசல்ல ஒரு வருஷம் ஜெயிச்சவங்க கொடி பறக்கணும். உங்க பச்சையைப் பாத்த அடுத்த நிமிஷம் ஒத்துக்கிட்டான்."

இதுவரை லிவியோவின் வேலை மட்டும்தான் போவதாக இருந்தது.

"சார், எனக்கு முழங்கால்ல ஒரு வலி..."

"அது என்னோட முழங்கால்!" என்று க்ளெமென் அவன் காதில் சீறினான். "வேற ஏதாவது சொல்லுய்யா!"

"வலியோட இறங்கறவன்தான் ஆம்பளை," என்றார் டைரக்டர். "பழைய கோட்டை உள்ளே போட்டுக்குங்க. மேல போய் நின்னதும் பச்சையைக் கழட்டுங்க. அவங்க ஆளு அங்கேயே செத்தான்."

"நீங்க யாரும் மேல வரலியா சார்?"

"கீழே நின்னு பாத்தாத்தான் முழுசாத் தெரியும்," என்றார் டைரக்டர். மற்றவர்கள் அவசரமாகத் தலையாட்டினார்கள்.

கயிற்றில் ஓடும் நாற்காலி லிவியோவை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. உச்சியில் இறங்க வேண்டிய இடத்தில் அவன் இறங்கவில்லை, விழுந்தான். நாற்காலி இயக்குபவர் பொறியை நிறுத்தி, அவனை நிமிர்த்தி, கட்டைகளை நேராக்கிவிட்டார்.

தாழ்ப்பாள் கம்பெனியின் காஷ்பர் பந்தயம் தொடங்கும் இடத்தில் தயாராக நின்றான். அவன் கோட்டும் வெளுத்தது, அதிலும் இரண்டு இடத்தில் டேப். பச்சைக் கோட்டைப் பார்த்து, "வாங்க கிளி, எங்கே பறக்கப் போறீங்க?" என்றான்.

லிவியோவுக்கு வியர்த்துக் கொட்டியது. பந்தய பயமா, இரண்டு கோட்டின் சூடா தெரியவில்லை. பச்சையைக் கழற்றி நாற்காலி இயக்குபவரிடம் கொடுத்தான்.

காஷ்பரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் கண் தோளில் தொடங்கி டேப் வழியாக முழங்கை வரை போய், கணுக்காலில் தொங்கிய நாரில் முடிந்தது.

"அண்ணே... நீங்க எந்த கிளப்?"

"கிளப்பெல்லாம் இல்லீங்க. இதுக்கு முன்னாடி நான் கட்டையே மாட்டினதில்லை."

காஷ்பர் மரியாதையாகச் சற்று நகர்ந்து நின்றான். 'இவ்வளவு பெரிய ஆளா!' என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

விசில் ஒலித்தது.

லிவியோ நகரவில்லை. கட்டைகள் நகர்ந்தன. அவை கிளம்பியபோது அவன் மேலே இருந்தான், அவ்வளவுதான். சிவப்புக் கம்பம் ஒன்று அவனை நோக்கி ஓடி வந்தது. அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை நினைவுக்கு வந்தது. புயற்காற்று பின்னாலிருந்து தள்ளும்போது சின்னப் பாய்மரப் படகில் என்ன செய்வான்? குந்துவான், கைகளை விரிப்பான், உடம்பை முழுசாக ஒரு பக்கம் வெளியே சாய்ப்பான். குந்தினான். விரித்தான். சாய்ந்தான்.

கம்பம் அவன் காதோரம் சரியான பக்கத்தில் கடந்துபோனது.

"அம்மாடீ!" என்று அலறிக்கொண்டே இடுப்பை மறுபக்கம் வீசினான். அடுத்த கம்பமும் போனது.

பக்கத்துத் தடத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த காஷ்பர் அலறலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். லிவியோவின் பின்புறம் பனியைத் தொட, இரண்டு கையும் இறக்கையாக விரிய, வாயால் சத்தம் வேறு. இப்படி ஒரு பாணியை அவன் எங்கேயும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்காரர் செய்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது! காஷ்பரும் குந்தினான். கையை விரித்தான். வாய்விட்டு அலறவும் செய்தான். அவன் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. இரண்டு குட்டிக்கரணம் போட்டு, ஆரஞ்சு நிற வலைக்குள் போய் மத்தி மீன்போல் மாட்டிக்கொண்டான்.

லிவியோ கடைசிக் கம்பத்தையும் தாண்டினான். பந்தய எல்லையையும் தாண்டினான். எப்படி நிற்பது என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தந்ததில்லை. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. தாழ்ப்பாள் கம்பெனி நட்டு வைத்திருந்த கொடிக்கம்பத்தை அணைத்துக்கொண்டு, அதையும் சாய்த்து, கொடியைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு பனியில் உட்கார்ந்தான்.

கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"ஜெயிச்ச கையோட எதிரி கொடியையே பிடுங்கிட்டான்யா!" என்று க்ளெமென் வலிக்கிற காலால் துள்ளிக் குதித்தான்.

அடிவாரமே அதிர்ந்தது. பூட்டுக்காரர்கள் லிவியோவைத் தோளில் தூக்கினார்கள். எக்காளம் ஊதினார்கள். சூடான ஒயினை அவன் வாயிலும் கோட்டிலும் ஊற்றினார்கள். டைரக்டர் போகோமிர் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண் கலங்கினார். தாழ்ப்பாள் கம்பெனி டைரக்டர் மட்டும் சாசேஜைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றார்.

"சார்," என்றான் லிவியோ, தோள்களின் மேலிருந்து. "உண்மையிலேயே எனக்கு ஸ்கீ வராது சார்!"

"இன்னமும் அடக்கம் பாருங்க!" என்று டைரக்டர் அழுதுகொண்டே சிரித்தார். "திங்கட்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? வேலை உங்களுக்குத்தான். நீங்களா வேணாம்னு சொல்ற வரைக்கும்!"

லிவியோ போனைக் காதில் வைத்தபோது நேவா முதலில் கேட்டது, "எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்லடி. கோப்பை! வேலை நிரந்தரம்!"

"குடிச்சிருக்கியா?"

"கோட்டுதான் குடிச்சிருக்கு!"

மாலையில் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மேலே விட்டு வந்த பச்சைக் கோட்டு, ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து கம்பீரமாகக் கீழே வந்து சேர்ந்தது. அதையும் கட்டைகளையும் பூட்ஸையும் சுமந்துகொண்டு லிவியோ வாடகைக் கடைக்குள் நுழைந்தான். கோப்பையை அவன் கையிலேயே கொடுத்திருந்தார்கள். அதைக் கல்லா மேல் வைத்தான்.

"ஜெயிச்சது நீங்கதானா!" என்றாள் பெப்சா. "கத்தின கத்துல என் சூப்பு கொட்டிப் போச்சு."

பூட்ஸைத் திருப்பிப் பார்த்து வாங்கி வைத்தவள், கல்லாவைச் சுற்றி வெளியே வந்தாள். அவன் தோளிலிருந்த டேப்பை விரலால் தடவினாள். ஓரத்தைத் தூக்கி உள்ளே இருந்த கிழிசலைப் பார்த்தாள். கணுக்கால் நாரைக் குனிந்து இழுத்துப் பார்த்தாள். தொழில் தெரிந்தவள் இன்னொருத்தியின் வேலையைப் பார்ப்பதுபோல் அவள் முகத்தில் ஒரு பொறாமை.

"யாருகிட்டக் குடுத்தீங்க இதை? காலையிலேயே கேக்கணும்னு நினைச்சேன். ரொம்ப நேர்த்தி."

"யார்கிட்டயும் குடுக்கல அக்கா. என் மச்சானோட கோட்டு. மலையில விழுந்து எழுந்து தானாக் கிழிஞ்சது."

"தானாவா!" பெப்சா நெஞ்சில் கை வைத்தாள். "பூட்டுக் கம்பெனி, தாழ்ப்பாள் கம்பெனி ரெண்டுலயும் தானாக் கிழிஞ்ச கோட்டை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன், தம்பி. மத்ததெல்லாம் வருஷா வருஷம் புதுசா வாங்கிட்டு வந்து, என்கிட்டக் குடுத்துக் கிழிச்சு டேப் ஒட்டிக்கிட்டுப் போறதுதானே, உங்க டைரக்டரோடது உட்பட!"