மழை பெய்தால் நடை இல்லை

இனி ஒரு அடிகூட வீணாக எடுத்து வைப்பதில்லை என்று மலாக்கி தீர்மானம் செய்தது, டாக்டரம்மா அவரை நடக்கச் சொன்ன அன்றுதான். ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறதாம். தினம் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டுமாம். ஒரு மாதத்தில் இறங்காவிட்டால் வெண்ணெயை நிறுத்த வேண்டுமாம். வெண்ணெய் இல்லாத உருளைக்கிழங்கை மனிதன் தின்பானா? ஆனால் நாற்பது வருஷம் பஸ் ஓட்டி, உட்கார்ந்தபடியே அயர்லாந்தைச் சுற்றிய உடம்பு அது. நட என்றால் நடக்குமா?

மனைவியிடம் ஒப்பந்தம் பேசினார்.

“நடக்கிறேன் நோரீன். ஆனா மழை பெஞ்சா நடக்க மாட்டேன்.”

“சரிங்க.”

“தூறலும் மழைதான்.”

“தூறலும் மழைதாங்க. நான் என்ன இல்லேன்னா சொன்னேன்?”

மனைவி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் விவரம் தெரிந்தவன் பயப்படுவான். மலாக்கி பயப்படவில்லை. கிளேர் கடற்கரையில் மழையில்லாத நாளை விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும்.

மறுநாள் மழை. பத்து மணிக்கு எழுந்து வந்து கணப்படுப்பின் முன் காலை நீட்டினார்.

“ஒம்பது மணி ரேடியோவுல சாவு அறிவிப்பு சொன்னாங்க,” என்றாள் நோரீன்.

“அப்ப நான் எங்க முழிச்சிருந்தேன்? யாரு போனது?”

“மேட்டுப் பண்ணை பேட்ஸி. உங்க அண்ணனுக்கு டிராக்டர் இரவல் குடுத்தாரே.”

“எப்போ?”

“எழுபத்தொம்பதுல.”

நடைக்குத்தான் மழை தடை, சாவுக்கு ஏது? கல்யாணத்துக்கு வராதவனை அந்த ஊர் மன்னித்துவிடும். சாவுக்கு வராதவனை, அவன் சாவின்போது கவனித்துக்கொள்ளும். மலாக்கி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். மாதா கோயிலில் பூசை முடிந்து சவவண்டி ஊர்ந்தது. சனமெல்லாம் பின்னால் நடந்தது. கல்லறைத் தோட்டமோ மேட்டு உச்சியில். மழை சட்டைக் காலருக்குள் இறங்கியது. கடைசியில் ஹோட்டலில் சூப்பும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்ததால் மனம் ஆறியது.

வியாழக்கிழமை இன்னொருவர். சனிக்கிழமை, நோரீனின் பழைய தையல் டீச்சருடைய மச்சினர். மாதம் முடிவதற்குள் பதினோரு பேர்.

“ஊரே காலியாயிடும் போலிருக்கே,” என்றார் மலாக்கி, ஈரச் சாக்ஸைப் பிழிந்துகொண்டு.

“குளிர்காலங்க. வயசானவங்களுக்கு ஆகாது.”

மாதக் கடைசியில் டாக்டரம்மா கருவியை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். அழுத்தம் இறங்கியிருந்தது. மலாக்கி மார்பை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தார்.

“பாத்தியா நோரீன்? ஒரு நாள்கூட நடக்கலை. தானா இறங்கிடுச்சு. அந்தம்மா பேச்சைக் கேட்டிருந்தா கால்தான் தேஞ்சிருக்கும்.”

“உங்க சாமர்த்தியம் யாருக்கு வரும்?” என்று உருளைக்கிழங்கின் தலையில் வெண்ணெயை வைத்தாள். மலாக்கிக்கு உலகமே இனித்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு டெக்லன் உள்ளே வந்தார்.

“என்னப்பா, மரக்கடை முதலாளி சாவுக்கு உன்னைக் காணோம்? ஹோட்டல்ல வறுத்த மாட்டிறைச்சி, மூணு தினுசா உருளைக்கிழங்கு, ஆளுக்கு ரெண்டு விஸ்கி. இந்த ஜில்லாவுலயே இப்படி ஒரு சாவு நடந்ததில்லை.”

மலாக்கியின் முள்கரண்டி பாதியில் நின்றது. மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

“ரேடியோவுல சொல்லலையா?”

“சொன்னாங்களே,” என்றாள் நோரீன், இன்னும் கொஞ்சம் வெண்ணெய் தடவியபடி. “அவர் கல்லறை கோயில் வாசல்லயே இருக்குங்க. முப்பதடி நடந்து உங்களுக்கு என்ன பிரயோஜனம்?”