ரான்சிற் அண்ணையின் பதினாலு மணித்தியாலம்

வடமராட்சியிலிருந்து கனடாவுக்கும் லண்டனுக்கும் பறந்து போனவர்களில், ரான்சிற் அண்ணையிடம் ஏச்சு வாங்காமல் விமானம் ஏறிய ஒருவர்கூட இல்லை. அப்படி யாராவது இருந்தால் அவர் கப்பலில் போயிருக்க வேண்டும்.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் எனக்குத் தெரியாது. வாக்காளர் இடாப்பில் தேடினால் கிடைக்கும்தான், அந்த அலுப்பை யார் படுவது? பருத்தித்துறை பஸ் நிலையத்தில் முப்பது வருடம் ரைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று எழுதி, விசில் ஊதி அனுப்பிவைக்கிற உத்தியோகம். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நெல்லியடியில் தன் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தபோது, எழுதுவதற்கு அவருக்கு வண்டி இல்லை. ஊரிலோ வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டு ரிக்கற்றோடு திரிந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் ஒன்றுகூடுவதென்றால் குறைந்தது மூன்று விமான நிலையங்கள் தேவை. வழியில் இறங்கி அடுத்த விமானம் ஏறுகிற அந்த ரான்சிற் நேரம் போதுமா, போதாதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையாயிற்று. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கைபேசியை அவர் தொடமாட்டார். "நீர் வாசியும், நான் எழுதுறன்" என்பார். பெரிய சீ.ஆர். கொப்பி ஒன்றில் பஸ்ஸுக்குப் போட்ட அதே கோடுகளைப் போட்டு, வருகை, வெளிக்கிடுகை என்று எழுதுவார். விமானம் அவருக்கு வண்டி. விமானி றைவர். விமானம் என்றால் சொன்ன நேரத்துக்கு வரும் என்று யாராவது சொன்னால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"றைவர் எண்டால் றைவர்தான் தம்பி. மேலை ஓடினாலென்ன, கீழை ஓடினாலென்ன."

கலியாணம் கட்டி ஒரு மாதமான சோடி ஒன்று லண்டன் ரிக்கற்றோடு வந்தது. டோகாவில் ஐம்பத்தைந்து நிமிட ரான்சிற். அண்ணை கொப்பியை மூடிவிட்டார்.

"ஐம்பத்தஞ்சு நிமிசத்திலை நெல்லியடிச் சந்தை நாளிலை சந்தியைக் கடக்கேலாது. நீங்கள் டோகாவைக் கடக்கப் போறியளோ?"

"இல்லை அண்ணை, ஒரே கொம்பனிப் பிளேன். அவங்கள் எங்களை விட்டிட்டுப் போகமாட்டாங்கள்."

"நானும் ஒரே கொம்பனி பஸ்ஸைத்தான் முப்பது வருசம் அனுப்பினனான். எத்தினை பேரை விட்டிட்டு அனுப்பினனான் எண்டு எனக்குத் தெரியும்."

அவர்கள் ரிக்கற்றை மாற்றிக்கொண்டுதான் போனார்கள்.

நீங்கள் ஒருபோதும் விமானம் ஏறவில்லையே அண்ணை என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "ரைம்கீப்பர் வண்டியிலை ஏறிப் போனா, வண்டியளை ஆர் பாக்கிறது?" என்றார்.

சங்கீத ரீச்சரின் கதை இன்னும் மோசம். அறுபத்தெட்டு வயதில் மெல்பேர்னில் இருக்கிற மகளிடம் போகப் புறப்பட்டார். சிங்கப்பூரில் விமானம் மாற வேண்டும். "நடக்கிற வேகம் தெரியாமல் நான் நேரம் சொல்லமாட்டன்" என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். கைப்பையில் ஏழு கிலோ அரிசியைப் போட்டு, ரீச்சரைக் கோயிலின் வெளிவீதியைச் சுற்றி நடக்கவைத்தார். தான் தேர்முட்டியடியில் விசிலும் மணிக்கூடுமாக நின்றுகொண்டார். ரீச்சர் தூக்க முடியாத பையோடு மூச்சுவாங்கிச் சுற்றுவதைப் பார்த்த ஒரு அம்மா, ஏதோ கடுமையான நேர்த்திக்கடன் என்று நினைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் சுற்றில் இன்னும் இரண்டு பேர் பக்தியோடு பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் சுற்று முடிய அண்ணை விசில் ஊதினார்.

"ரீச்சர், உங்களுக்கு மூண்டு மணித்தியாலத்துக்குக் குறைஞ்ச ரான்சிற் சரிவராது."

ரீச்சரைச் சிங்கப்பூரில் சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார்களாம். ஓரடிகூட நடக்கவில்லை. இன்றுவரை இதை நாங்கள் ஒருவரும் அண்ணையிடம் சொல்லவில்லை.

இப்படி ஊரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த என்னையும் அந்த விறாந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் அக்காவின் இதயம். ரொறன்ரோவில் இருக்கிறார். பார்த்து இருபத்திரண்டு வருடம். வியாழக்கிழமை காலையில் சத்திரசிகிச்சை என்று நாள் குறித்துவிட்டார்கள். தொலைபேசியில் அக்கா அதிகம் கதைக்கவில்லை. "உள்ளை கொண்டுபோக முதல் உன்ரை முகத்தை ஒருக்காப் பாக்கவேணும்" என்றார். அவ்வளவுதான். வீசா ஏற்கெனவே கையில் இருந்தது. எப்போதோ போவோம், எப்போதோ போவோம் என்று நானே இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் மகன், என் மருமகன், இரண்டு ரிக்கற்றுகளைக் கைபேசியில் அனுப்பிவைத்தான். இரண்டுக்கும் முதல் விமானம் ஒன்றே, திங்கட்கிழமை புறப்படுவது. ஒன்றில் வழியில் ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். மற்றதில் பதினாலு மணித்தியாலம். "ஒரு மணித்தியாலம் இருபது நிமிசம் காணும் மாமா. எல்லாரும் உப்பிடித்தான் வருகினம்" என்றான். எனக்கோ எதையும் தெரிவுசெய்யத் தெம்பில்லை. அந்த வாரம் சோறா பிட்டா என்று கேட்டாலே அழுகை வருகிற நிலைமை. வேறு யாராவது எனக்காகத் தலையை உடைத்துக்கொள்ளட்டும் என்று ரான்சிற் அண்ணையிடம் போனேன்.

அவர் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

"பதினாலு."

"அண்ணை, பதினாலு மணித்தியாலம் ஒரு கதிரையிலை இருந்து நான் என்ன செய்யிறது?"

"இரும். இருக்கிறது ஒரு வேலையோ? நிண்டு பாத்தவன் நான் சொல்லுறன், இரும்."

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கொழும்புக்குப் போகிற வாடகை வான் வருகிறது என்றதும், கூட வந்திருந்த என் மனைவி இடையில் புகுந்தார். ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ராகுகாலம். அந்த நேரத்தில் வெளிக்கிட்டு, அதுவும் இப்படி ஒரு காரியத்துக்கு, போகவே கூடாது. ஒன்பதுக்குப் பிறகு புறப்படலாமே என்றேன். அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. புறப்படும் நேரத்தை மாற்றுவதா? கடைசியில் அவரே வழியும் சொன்னார். நல்ல நேரத்தில் பெட்டியை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எப்போது வெளிக்கிட்டாலும் பரவாயில்லை.

"ஞாயிற்றுக்கிழமை காலமை என்ரை வீட்டை கொண்டுவந்து வையும். கைப்பையும், பாஸ்போட்டும், எல்லாம். பேந்து ஒண்டையும் தொடக்கூடாது. திங்கட்கிழமை காலமை வானோடை வந்து ஏத்திக்கொண்டு போறதுதான்."

கொண்டுபோய் வைத்தேன். மனைவிக்கு நிம்மதி. எனக்கு வெறும் கையோடு ஒரு நாள் ஓய்வு.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வானோடு போனால், அண்ணையின் வீட்டுக் கதவில் ஆமைப்பூட்டு தொங்குகிறது.

தனிக்கட்டை மனுஷன். கைபேசியும் இல்லை. வாசல் படலையில் நின்று கூப்பிட்டேன். கிணற்றடியில் பார்த்தேன். ஜன்னலால் எட்டிப்பார்த்தால் என் பெட்டி மேசைக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. மேலே கைப்பை. கைப்பைக்குள் பாஸ்போட். வான் றைவர் ஹோர்ன் அடித்தார். மனைவி, ராகுகாலத்தில் பூட்டை உடைக்கலாமா கூடாதா என்று தனக்குள் கேட்டுக்கொண்டு நின்றார். அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது. பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

முன்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே வெளியில் வந்தார்.

"அவர் விடிய முதல் பஸ்ஸிலை கொடிகாமம் போயிட்டார். உங்கடை வானுக்கு றோட்டுக் கிளியரோ எண்டு பாக்கப் போறன் எண்டு சொன்னவர்."

கொடிகாமத்துக்குப் பறந்தோம். சந்தியில், கண்டி வீதியில் ஏறுகிற முடக்கில், ரான்சிற் அண்ணை நிற்கிறார். வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் கொப்பி, வாயில் விசில். எங்கள் வானைக் கண்டதும் மணிக்கூட்டைப் பார்த்தார். முகம் மாறியது. நிறுத்த விடவில்லை. இரண்டு கையாலும் தெற்குப் பக்கமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். விசிலை ஊதி, "போங்கோ, போங்கோ! முப்பத்தஞ்சு நிமிசம் பிந்தியாச்சு!" என்று கத்தினார்.

நான் இறங்கி ஓடினேன்.

"அண்ணை, பெட்டி!"

"என்ன பெட்டி?"

"உங்கடை வீட்டுக்குள்ளை! பாஸ்போட்டும்!"

விசில் கையிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. அவருடைய கை மெதுவாக இடுப்பைத் தடவியது. வீட்டுப் பூட்டின் திறப்பு அங்கேதான் இருந்தது.

அவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழி முழுவதும் நான் பேசினேன். இருபத்திரண்டு வருடக் கோபத்தையெல்லாம், யாரிடம் காட்ட வேண்டியது என்று தெரியாமல், அந்த மனுஷனின் தலையில் கொட்டினேன். பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கதவை அறைந்து சாத்தினேன். ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது.

ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் நாலு மணித்தியாலம் மிச்சம் கிடந்தது. வான் ரயர் காற்றுப்போகும், யானை குறுக்கே நிற்கும், றைவர் சாப்பிட நிற்பார் என்றெல்லாம் கணக்குப் போட்டு அவர் கூட்டிவைத்திருந்த நேரம். தன் மறதியைத் தவிர எல்லாவற்றையும் அதில் எழுதியிருந்தார். அவருடைய மறதியையும் அதுவே விழுங்கிக்கொண்டது.

அதோடு முடியவில்லை. விமானத்தில் ஏதோ பழுது என்று ஏழு மணித்தியாலம் எங்களைக் கொழும்பிலேயே இருத்திவைத்தார்கள். வழியில் விமானம் மாறப் போனபோது, என் பக்கத்து இருக்கைக்காரரின் அடுத்த விமானம் எப்போதோ போய்விட்டிருந்தது. மருமகன் எனக்குச் சொன்ன அதே ஒரு மணித்தியாலம் இருபது நிமிடக்காரர். இனி வியாழக்கிழமைதான் இருக்கை என்று சொல்லிவிட்டார்கள். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என்னுடைய விமானத்துக்கு இன்னும் ஏழு மணித்தியாலம் இருந்தது. ஒரு கதிரையில் போய் இருந்தேன். கால் வீங்கியது, முதுகு செத்துப்போயிற்று. வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு இடத்தில் இருந்ததில்லை.

புதன்கிழமை முழுவதும் அக்காவோடு இருந்தேன். பாதி ஆளாகிப்போயிருந்தார். கொடிகாமத்துக் கதையைச் சொன்னேன். "விசில் ஊதினவரோ? பெட்டியை உள்ளை வைச்சுக்கொண்டோ?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாதி ஓடிவந்து என்னை முறைத்தார். மறுநாள் காலை அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள்.

அக்கா கண் விழிக்க நாலு நாள் ஆனது. பிறகும் நன்றாகத் தேறவில்லை. என் கையை விடமாட்டேன் என்றார். நான் திரும்புகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மருத்துவமனை விறாந்தையிலிருந்து மனைவியோடு கதைத்தேன். அப்போதுதான் அவர் சொன்னார். சத்திரசிகிச்சை நடந்த நாளிலிருந்து ரான்சிற் அண்ணை தினமும் சைக்கிளில் வந்து படலையடியில் நிற்கிறாராம். உள்ளே வரமாட்டாராம். "அக்கா முழிச்சிட்டாவோ?" என்று மட்டும் கேட்பாராம். விழித்துவிட்டார் என்று சொன்ன அன்று ஹாண்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாராம். ஊரில் யார் எதற்காகப் போகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டறியாத மனுஷன்.

"உங்கடை ரிக்கற் வாற கிழமைக்கு எண்டு இண்டைக்குச் சொன்னனான்" என்றார் மனைவி. "அதுக்கு ஒண்டு சொல்லிவிட்டிருக்கிறார்."

"என்னவாம்? ரான்சிற் காணாதாமோ?"

"இல்லையப்பா. 'ரிக்கற்றை மாத்தச் சொல்லுங்கோ. தம்பி அவசரப்பட வேண்டாம். அக்காவோடை இருந்திட்டு ஆறுதலா வரட்டும்' எண்டு சொன்னவர்."

நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அக்கா எழுந்து நடக்க இரண்டு மாதம் ஆனது, அதற்குப் பிறகுதான் ஊருக்கு வந்தேன். வான் நெல்லியடிக்கு வந்ததும், எங்கள் வீட்டுக்குப் போகமுன்னம் அண்ணையின் வீட்டடியில் ஒருமுறை நிறுத்தச் சொன்னேன்.