ஒரு பல்புக்கு அஞ்சு குதிரை

பின்பக்கம் 'டங்... டங்...' என்று தகரம் நகர்ந்தது. கரண்ட் கட். கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டு, கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லித்தந்த ஜெபத்தையும் வீட்டில் கற்ற துஆவையும் கலந்து ஓதினேன். யார் காப்பாற்றினாலும் சரி. கடைசியில் பார்த்தால், பக்கத்து வீட்டு ஆடு எங்கள் மண்ணெண்ணெய் டின்னுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது.

என் வீட்டுக்காரர் ஜமீருக்கு மாரண்டஹள்ளியில் காய்கறி மண்டி. ராத்திரியில் சீட்டாட்டம். அவர் திரும்பும் வரை கதவைத் தாழ் போடக்கூடாது. நான் தூங்கிப்போனால் தட்டுவது கேட்காதாம். திருடனும் தட்ட வேண்டியதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அழுதேன். மறுநாள் சபதமே செய்துவிட்டார்.

"உன் பயத்துக்கு இருட்டுதான் காரணம். கரண்ட் கட் தீர்ற வரைக்கும் நம்ம வூட்டுலயே ஒரு பவர் ஸ்டேஷன்!"

"அப்ப ராத்திரி வூட்டுல இருப்பீங்களா?"

"லைட் இருக்கறப்ப நான் எதுக்கு?"

ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் குப்புராஜ் இரண்டு மெஷின் காட்டினார். சின்னது பெட்ரோலில் ஓடும். கயிற்றை இழுத்துவிட்டால் விடியும்வரை திரும்பிப் பார்க்க வேண்டாம். பெரியது கிணற்றில் தண்ணீர் இறைத்த ஆயில் எஞ்சின், கூட ஒரு டைனமோ.

"இது சூடாகுங்க. தொட்டியில தண்ணி கொதிச்சு வத்திரும். ஆள் பக்கத்துலயே நின்னு ஊத்தணும்."

நான் ஒரு புடவையைத் தொட்டால் வேறு புடவையை வாங்குகிற மனிதர் இவர்.

"சின்னதே போதுங்க. பெருசை உங்களால கட்டி மேய்க்க முடியாது."

"யாரால முடியாது? மண்டியையே மேய்க்கிறவன் நான்! குப்புராஜ், பெருசை ஏத்துய்யா!"

"ஒரு பல்புக்கு அஞ்சு குதிரை சக்தியாங்க?"

எஞ்சின் மாட்டுவண்டியில் ஏறி முடிக்கும்வரை தடுத்துக்கொண்டே இருந்தேன்.

இன்று ராத்திரி அது ஓடியது. பாத்திரங்கள் அலமாரி விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்தன. தூளியை நான் ஆட்டவில்லை, வீடே ஆட்டியது. குழந்தை அசந்து தூங்கிவிட்டது. நான் எழுதும் இந்த எழுத்து கோணலாக இருந்தால் மேஜையும் ஆடுகிறது என்று அர்த்தம்.

சீட்டுக்கூட்டாளி மஸ்தான் வந்து கூப்பிட்டார். "ஜமீரு, வாப்பா! ஒரு கை குறையுது!"

"ரெண்டு கையிலயும் பக்கெட் இருக்குதே!"

"நிறுத்திட்டு வாய்யா!"

"இருட்டானா அவ பயப்படுவாப்பா!"

"ரொம்பப் பயப்படுவேங்க" என்றேன் வாசற்படியில் நின்று.

மஸ்தான் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

"ஷகிலா, கண்ணு சொக்குது. கொஞ்ச நேரம் நீ ஊத்தறியா?"

"கைக்குழந்தைக்காரிங்க. விடியறதுக்குள்ள நீங்க உள்ள வர மாட்டீங்கதானே?"

"எப்படி வர்றது? தண்ணி வத்திருமே!"

"அதான் கேட்டேன்" என்று கதவைச் சாத்தி, கல்யாணமான பிறகு முதல் தடவையாக உள்ளே தாழ் போட்டேன்.